லோகோவுக்குக் காசு கொடுத்தீர்கள், கோப்பு கைக்கு வந்ததா?

இந்த மாதம் லோகோ, பெயர்ப்பலகை, வணிக முத்திரை பற்றித்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போடுகிறேன்.

டிசைனருக்கு 600 வெள்ளி கொடுத்து லோகோ வாங்கினேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார். பலகை அடிப்பவர் அதைப் பார்த்துவிட்டு "இது பெரிதாக்கினால் உடையும், ஒரிஜினல் கொடுங்கள்" என்கிறார். டிசைனரோ ஒரிஜினல் வேண்டுமென்றால் இன்னும் 400 வெள்ளி என்கிறார். இது நியாயமா?
– மசாலாத்தூள் தயாரிப்பாளர், செந்தூல்

பலகைக்காரர் சொல்வது சரி. உங்களுக்கு வந்தது ஜேபெக் படம், அதாவது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. வாட்ஸ்அப் அதை இன்னும் சுருக்கித்தான் அனுப்பும். கைப்பேசியில் பளிச்சென்று இருக்கும், பத்தடிப் பலகைக்கு இழுத்தால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். பலகை, பாக்கெட், லாரிக் கதவு எல்லாவற்றுக்கும் வேண்டியது வெக்டர் கோப்பு. அதில் உருவம் கோடுகளாகவும் வளைவுகளாகவும் பதிவாகியிருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஏஐ (அடோபி இல்லஸ்ட்ரேட்டர் கோப்பு), எஸ்விஜி, இபிஎஸ் என்று முடியும் கோப்புகள் அவை. பிடிஎஃப்பும் இருக்கலாம், ஆனால் ஜேபெக் படத்தை உள்ளே ஒட்டி பிடிஎஃப் என்று கொடுப்பவர்களும் உண்டு. திறந்து, ஓர் எழுத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரம் கூர்மையாகவே இருந்தால் சரியான கோப்பு.

இனி காசு விஷயம். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-வது பிரிவு உங்களுக்குச் சாதகமானது. ஒருவரிடம் வேலை கொடுத்து உருவாக்கிய படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால், வேலை கொடுத்தவருக்கே போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். பல நாடுகளில் இப்படி இல்லை. ஆனால் உரிமை உங்களுடையது என்பதும் கோப்பு உங்கள் கையில் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. என்னென்ன கோப்பு தருவதாகப் பேசினீர்கள் என்று பழைய வாட்ஸ்அப் உரையாடலைத் தேடிப் பாருங்கள். அதில் "லோகோ முழுவதும்" என்ற மாதிரி ஏதாவது இருந்தால் அதைக் காட்டி மரியாதையாகக் கேளுங்கள். எதுவும் பேசவில்லை என்றால் ஒரு சிறு தொகைக்கு இறங்கி வந்து முடித்துக்கொள்வதுதான் என் யோசனை, ஏனென்றால் புதிதாக வரைந்து பழைய பாக்கெட்டோடு பொருந்தாமல் போவது அதைவிட அதிகச் செலவு. கொடுக்கிற காசுக்கு ஒரே தடவையில் இவ்வளவையும் வாங்கிவிடுங்கள்: எழுத்துகளைக் கோடாக மாற்றிய வெக்டர் கோப்பு, பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒரே நிறத்தில் கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று, பயன்படுத்திய எழுத்துருவின் பெயர், நிறங்களின் எண்கள்.

நிற எண் உங்களுக்கு ரொம்ப முக்கியம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் பச்சையும் அச்சில் மங்கித்தான் வரும், அதற்கு அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது. பேன்டோன் எண் (அச்சகங்கள் நிறத்தை அடையாளம் காணப் பயன்படுத்தும் பொது எண்) ஒன்றை முடிவு செய்து, பாக்கெட் அச்சடிக்கும் அதே பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி கேட்டு, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். சாம்பார்ப்பொடி பாக்கெட் ஒரு மாதம் அடர் சிவப்பாகவும் அடுத்த மாதம் காவியாகவும் வந்தால், கடை அலமாரியில் உங்களைத் தேடி வருகிறவர் பக்கத்துப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

லெபோ பாசாரில் புடவைக்கடை. புதுப் பலகை போடப் போகிறோம். தமிழை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போட ஆசை, முடியுமா? போன தடவை பலகை அடித்தவருக்குத் தமிழ் தெரியாது, எழுத்தெல்லாம் பிசகி வந்து, இன்றுவரை அப்படியே தொங்குகிறது.
– புடவைக்கடைக்காரர், பினாங்கு

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பகுதியையே எழுத உட்கார்ந்தேன்.

அனுமதி பற்றி முதலில். கோலாலம்பூரில் டிபிகேஎல், உங்கள் தீவில் பினாங்கு மாநகர மன்றம், எங்கே ஆனாலும் பலகைக்கு உரிமம் வேண்டும். தேசிய மொழி முன்னால், தெளிவாக இருக்க வேண்டும், அதைவிடப் பெரிதாக வேறு மொழி எழுத்து போகக் கூடாது. மலாய் வாசகத்துக்கு, மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவின் மொழி உறுதிப்பாடு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் தெரு இருக்கும் ஜார்ஜ்டவுன் பகுதி 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழைய கடைவீட்டின் ஜன்னலையும் சுதைவேலைப்பாட்டையும் மூடி மறைக்கும் பெரிய பலகைக்கு அங்கே அனுமதி கிடைப்பது கடினம். வடிவமைப்பைக் காசு கொடுத்து முடித்தபிறகு மன்றத்துக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு பென்சில் படத்தோடு போய் அளவும் இடமும் கேட்டுவிட்டு, அந்த அளவுக்குள் வடிவமைக்கச் சொல்லுங்கள்.

ஆகவே தமிழைப் பெரிதாக்க முடியாது. ஆனால் அழகாக்க முடியும், அழுத்தமாக்க முடியும். அளவு ஒன்றாகவே இருந்தாலும் தடிமனான தமிழ் எழுத்துருவும், எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் மூச்சு விடும் இடைவெளியும், பின்னணிக்கு எதிரான நல்ல நிறமும் கொடுத்தால் எதிர்ச்சாரியிலிருந்தே கண்ணில் விழும். தமிழ்ப் பெயர் மலாயைவிட நீளமாகத்தான் வரும், அதை இடத்துக்குள் அடக்க வேண்டுமென்று பக்கவாட்டில் நசுக்காதீர்கள். நசுக்கினால் ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தூரத்தில் இருந்து பார்க்கும்போது கறுப்புப் பொட்டலமாகத் தெரியும். இரண்டு வரியாக உடைப்பது எவ்வளவோ மேல்.

எழுத்து பிசகுவதற்கு வருகிறேன். பலகைக்காரருக்குத் தமிழ் தெரியாதது அவர் குற்றமில்லை. நடப்பது என்னவென்றால், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழை அவர் வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுகிறார், அங்கே இந்திய மொழிகளுக்கான தேர்வைத் திறந்து வைக்கவில்லை. உடனே 'கொ'வில் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும், மெய்யின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி பக்கத்தில் தனியாக மிதக்கும். அவருக்கு அது ஒரு கோலம்தான், தவறென்று தெரிய வழியில்லை. அடோபி இல்லஸ்ட்ரேட்டர் என்றால் விருப்பத்தேர்வுகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் 'இண்டிக்' தேர்வை இயக்கச் சொல்லுங்கள், பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பைக் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். எல்லாக் கணினிகளும் படிக்கும் பொது முறையான யுனிகோடில் கொடுங்கள். இதையெல்லாம்விடப் பத்திரமான வழி, தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்தைச் சரியாக அமைத்து, கோடாக மாற்றி, வெக்டர் கோப்பாகக் கொடுத்துவிடுவது. அப்போது பலகைக்காரர் தொட வேண்டியது எதுவுமில்லை, அப்படியே வெட்டலாம்.

எழுத்துருவுக்குப் பஞ்சமும் இல்லை. ஹிந்த் மதுரை, கேட்டமரான், முக்த மலர், பலூ தம்பி, பவனம், இவையெல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வணிகத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதி எழுத்துருவை உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன், தமிழில் தட்ட உதவும் முரசு அஞ்சலும் செல்லினமும் அவர் கொடுத்தவைதான். தமிழ்க் கணிமைக்கு இவ்வளவு கொடுத்த நாட்டில், தமிழ்க்கடையின் தமிழ்ப்பலகை கொம்பு தப்பி நிற்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படுகிறது. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

ஒற்றையும் பாருங்கள். 'புடவை கடை' அல்ல, 'புடவைக்கடை'. 'நகைக்கடை', 'பூக்கடை', 'மளிகைக்கடை' எல்லாம் அப்படித்தான். அடிப்பதற்கு முன் பலகையின் படத்தை ஒரு தமிழாசிரியரிடம் காட்டி, அவர் சரி என்றபிறகு முன்பணம் கொடுங்கள். இப்போது தொங்கும் பலகையைத் தீபாவளி வரை விட்டுவைக்காதீர்கள், இந்த மாதமே இறக்கிவிடுங்கள்.

நாங்கள் பல வருடமாக உணவகம் நடத்துகிறோம், எஸ்எஸ்எம் பதிவு இருக்கிறது. இப்போது பக்கத்து ஊரில் ஒருவர் கிட்டத்தட்ட அதே பெயரில், அதே சிவப்பு மஞ்சள் நிறத்தில் கடை திறந்துவிட்டார். எஸ்எஸ்எம் சான்றிதழைக் காட்டினால் போதாதா?
– உணவக உரிமையாளர், பட்டர்வொர்த்

போதாது. நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் வருடத்துக்கு 60 ரிங்கிட் கட்டி வாங்கும் அந்தப் பதிவு, தொழில் நடத்துவதற்கான பதிவு. பெயரை உங்கள் சொத்தாக்குவது வணிக முத்திரைப் பதிவு, அது மைஐபிஓ எனும் அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் செய்வது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் நிறையப் பேர் தலைமுறையாகக் கடை நடத்துகிறார்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 2019 வணிக முத்திரைச் சட்டம், அதே ஆண்டு டிசம்பர் 27 முதல். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு, பிறகு பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், விண்ணப்பித்த நாளிலிருந்தே உரிமை கணக்காகும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன, ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். உணவகம் 43-வது வகுப்பு. உங்கள் மீன்குழம்பு மசாலாவைப் பாக்கெட்டில் விற்கும் எண்ணம் இருந்தால் 30, ஊறுகாய் என்றால் 29. இப்போதைக்கு 43 போதும், விற்காத பொருளுக்கெல்லாம் கட்டணம் கட்ட வேண்டாம். தமிழில் எழுதிய பெயரைப் பதியும்போது அதன் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும், தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புதுக்கடைக்காரர் உங்களுக்கு முன்னால் விண்ணப்பித்துவிட்டாரா என்று இன்றைக்கே மைஐபிஓ அகப்பக்கத்தில் தேடிப் பாருங்கள். விண்ணப்பித்திருந்தால், அது அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நீங்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள். பதியாத பெயருக்கும் நீதிமன்றத்தில் வழி இருக்கிறது, ஆனால் மக்கள் அந்தப் பெயரை உங்களோடு சேர்த்துத்தான் அறிகிறார்கள், அவரால் குழம்புகிறார்கள், உங்களுக்கு நட்டம் வருகிறது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பழைய பில் புத்தகம், முதல் பலகையின் புகைப்படம், திருவிழா மலரில் கொடுத்த விளம்பரம், எதையும் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். அவருடைய கடைக்கு வரவேண்டிய டெலிவரி ஆள் உங்கள் கடைக்கு வந்து நின்றால் அதையும் படம் எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். இந்தக் கட்டத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது வீண் செலவு அல்ல. பதிவு கிடைக்கும்வரை பலகையில் வட்டத்துக்குள் ஆர் குறி போடாதீர்கள், பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.

வீட்டில் கேக் செய்து விற்கிறேன். கேன்வாவில் ஒரு டெம்ப்ளேட் எடுத்து நானே லோகோ செய்துகொண்டேன். எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். இதையே பதிந்துகொள்ளலாமா?
– கேக் செய்பவர், செராஸ்

சகோதரி, தொடங்கும் காலத்தில் நீங்கள் செய்தது சரியான வேலைதான், அடுப்புக்கும் மிக்சருக்கும் போக வேண்டிய பணத்தை லோகோவில் கொட்டவில்லை. ஆனால் அதைப் பதிய முடியாது. டெம்ப்ளேட்டும் அதில் உள்ள பூவும் கரண்டியும் உங்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டவை அல்ல, அதே பூவை ஈப்போவில் இன்னொருவரும் எடுத்திருப்பார். அந்தப் படங்களை வணிக முத்திரையாக்கக் கூடாது என்று கேன்வாவின் விதியிலேயே இருக்கிறது. பூவை எடுத்துவிட்டு, எழுத்துருவையும் சாதாரண வடிவங்களையும் மட்டும் வைத்துப் பெயரை எழுதினால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். உங்களுக்கு அது போதும் என்றுகூடச் சொல்வேன். வாட்ஸ்அப்பிலும் கிராப்பிலும் உங்கள் லோகோ ஒரு வெள்ளிக்காசு அளவில்தான் தெரியப் போகிறது, அங்கே பூவும் கரண்டியும் ஒரு புள்ளி. நல்ல எழுத்தில் பெயரும், அந்தச் சின்ன வட்டத்துக்கு முதலெழுத்து மட்டும் தனியாகவும் இருந்தால் நன்றாக எடுபடும்.

பெயரைப் பற்றி ஒன்று. 'சுவையான கேக்' என்ற மாதிரி பொருளையே விவரிக்கும் பெயர் பதிவுக்குத் தேறாது. எல்லோரும் பேசும் சொல்லை ஒருவருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

எண்கணிதம் பார்ப்பவர் பெயரில் இரண்டு எழுத்துக் கூட்டச் சொல்கிறார். மாற்றலாமா?
– முடிதிருத்தகம் நடத்துபவர், கிள்ளான்

உங்கள் நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். மாற்றுவதென்றால் பலகை, பதிவு, கூகுள் வரைபடம் எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றிவிடுங்கள், பாதியில் வேண்டாம். கூட்டிய எழுத்தோடு பெயரை ஒருவர் காதால் கேட்டுவிட்டுக் கைப்பேசியில் தட்டினால் கடை கிடைக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், அதே கூட்டுத்தொகை வரும் வேறு எழுத்துக்கோவை கொடுக்கச் சொல்லி அவரிடமே திரும்பப் போங்கள்.

எங்கள் முறுக்கில் ஹலால் அல்லாதது எதுவுமே இல்லை. பாக்கெட்டில் ஹலால் லோகோ போட்டுக்கொள்ளலாம்தானே?
– பலகாரம் செய்பவர், பத்துமலை

கூடாது. ஜாக்கிம் எனும் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை அல்லது மாநில இஸ்லாமிய சமயத்துறையின் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சின்னத்தைப் போடுவது 2011 வணிக விவரிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். இணையத்தில் கிடைக்கிறது என்று எடுத்து ஒட்டிவிடாதீர்கள், சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் தாத்தா தொடங்கிய கடை. குத்துவிளக்குப் படம் போட்ட பழைய லோகோ. அதை எடுத்துவிட்டுப் புதிதாக, எளிமையாக மாற்ற நினைக்கிறேன். அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். வீட்டில் சண்டையே வந்துவிட்டது.
– மூன்றாம் தலைமுறை, கோலாலம்பூர்

தம்பி, இதில் நான் அப்பா பக்கம். முழுதாக அல்ல, முக்கால்வாசி.

2009-இல் டிராப்பிகானா தன் ஆரஞ்சுச்சாறு அட்டைப்பெட்டியை அமெரிக்காவில் மாற்றியது. உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் பழம் போய், ஒரு கண்ணாடிக் குவளைச் சாறு வந்தது. பார்க்க நவீனமாகத்தான் இருந்தது. ஆனால் வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு அலமாரியில் தங்கள் பெட்டி எது என்றே தெரியவில்லை. சில வாரங்களில் விற்பனை ஏறக்குறைய 20 விழுக்காடு சரிந்து, கம்பெனி பழைய பெட்டிக்கே திரும்பியது. அடுத்த ஆண்டு கேப் துணிக்கம்பெனி தன் நீலச் சதுர லோகோவை மாற்றிவிட்டு, வந்த எதிர்ப்பைத் தாங்காமல் ஒரு வாரத்தில் பின்வாங்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிகளால் அந்த அடியைத் தாங்க முடியும். உங்கள் தெருவில் ஒரு தீபாவளி வியாபாரம் போனால் அதைச் சரிக்கட்ட உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும்.

"விளக்குக்கடையில் வாங்கினது" என்று ரவாங்கிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வரும் பாட்டிமார் சொல்வார்களானால், அந்த விளக்குதான் உங்கள் பெயர். வாடிக்கையாளர்கள் உங்கள் கடையை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கல்லாவில் நின்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். விளக்கை யாருமே சொல்லவில்லை, பெயரைத்தான் சொல்கிறார்கள் என்றால், அப்போது அப்பாவிடம் பேச உங்களுக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது.

மீதிக் கால்வாசிக்கு வருகிறேன். பழைய லோகோவில் உண்மையான குறைகள் இருக்கும். கையால் வரைந்த விளக்கில் ஐந்து சுடரும் அடியில் தாமரையும் மயிலும் மெல்லிய கோடுகளில் இருந்தால், துணிப்பையில் அச்சடிக்கும்போது மை நிரம்பி அழிந்துவிடும், கைப்பேசியில் தெரியவே தெரியாது. அந்த வேலைக்குத்தான் நல்ல டிசைனர் வேண்டும். விளக்கை எடுக்கச் சொல்லாதீர்கள், திருத்தி வரையச் சொல்லுங்கள். கோடுகளைத் தடிமனாக்கி, தேவையில்லாததைக் கழித்து, விளக்கின் உருவரை அப்படியே இருக்கும்படி. நிறத்தைத் தொட வேண்டாம். ஒரு மேபேங்க் கிளையை எழுத்து தெரிவதற்கு முன்பே மஞ்சளை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் இல்லையா, தாத்தா தேர்ந்தெடுத்த நிறமும் அந்தத் தெருவில் அப்படித்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

டிசைனரிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த விளக்கை யார் வரைந்தார், ஏன் விளக்கு, முதல் பலகை எப்படி இருந்தது என்று அவர் சொல்வதை டிசைனர் நேரில் கேட்கட்டும். பழைய பில், பழைய பை, கல்யாணத்துக்குக் கொடுத்த நாள்காட்டி ஏதாவது வீட்டில் இருக்கும், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். திருத்திய விளக்கை முதலில் பையிலும் பில்லிலும் போட்டு ஒரு பண்டிகைக்காலம் ஓட்டிப் பாருங்கள், வருகிறவர்கள் கடை மாறிவிட்டதா என்று கேட்காமல் வழக்கம்போல் வாங்கிப் போனால் அப்புறம் பலகைக்குப் போகலாம். பலகைதான் அதிகச் செலவு, அது கடைசியில் வரட்டும். பெயரும் விளக்கும் இதுவரை பதிவாகியிருக்காது என்றே நினைக்கிறேன், திருத்திய வடிவம் முடிவானதும் அப்பாவையும் கேட்டுக்கொண்டு யார் பெயரில் பதிவது என்று குடும்பத்தில் பேசி, எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள்.